முகப்பைப் பெயர்த்தெடுத்தால் வியாபாரம் வருமா?

இணையத்தின் வழியே பொருள் விற்கப் புறப்படுகிறவர்களிடையே இன்று ஏறக்குறைய ஏகமனதாக நிலவிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பிறர் தம் பணத்தைக் கொட்டிப் பரிசோதித்து, நாள்தோறும் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் ஒரு வலைத்தளத்தை, அதற்கென்றே விற்கப்படும் குளோனிங் மென்பொருளைக் கொண்டு அச்சுப் பிசகாமல் பிரதி எடுத்து, பெயரையும் விலையையும் பணம் வாங்கும் பட்டனையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்; ஆகவே அம்மென்பொருளுக்குக் கொடுக்கும் விலை செலவன்று, முதலீடே என்பது அந்த அபிப்பிராயம். இது தவறான கணக்கு என்பதும், தவறுவதோடு நில்லாமல் மென்பொருளை வாங்கியவனையும் அவனிடம் பொருள் வாங்க வருகிறவனையும் ஒருங்கே நஷ்டத்தில் தள்ளும் கணக்கு என்பதும் என் துணிபு.

மறுப்பதற்கு முன் பூர்வபட்சத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்லிவிடுவது நியாயம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவனிடம் வடிவமைப்பாளருக்கும் புரோகிராமருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. மாதக்கணக்கில் காத்திருக்க அவகாசமும் இல்லை. எந்தத் தலைப்பு கண்ணை இழுக்கும், எந்த நிறத்துப் பட்டனை மக்கள் அழுத்துவார்கள், விலையை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பவற்றையெல்லாம் பெரிய வியாபாரிகள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததை மறுபடியும் கண்டுபிடிப்பது வீண் சிரமம். உலகத்தில் எந்தத் தொழில்தான் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யாமல் வளர்ந்தது? ஜெர்மனியின் ஸாம்வர் சகோதரர்கள் அமெரிக்கக் கம்பெனிகளைப் பார்த்துப் பார்த்தே கோடீஸ்வரர்கள் ஆகவில்லையா? மேலும், ஒரு முறை விலை கொடுத்து வாங்கிய சாதனம் எத்தனையோ தளங்களுக்கு உதவும். அவற்றில் ஒன்று ஓடினாலும் போட்ட பணம் திரும்பிவிடும். இவ்வாறு அவர்கள் சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே நியாயமாகத்தான் ஒலிக்கிறது.

ஒன்றை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். தன் சொந்தத் தளத்தை ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவனும், திருத்தங்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக அதே தளத்துக்கு மறைவாக ஒரு பிரதி வைத்துக்கொள்கிறவனும், வேர்ட்பிரஸ்ஸில் டூப்ளிகேட்டர் போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். அழிந்துபோகும் பக்கங்களைச் சரித்திரத்துக்காகச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் பெருந்தொண்டு ஆற்றிவருகிறது. இவற்றின்மீது எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. என் ஆட்சேபம் முழுவதும், பிறருடைய விற்பனைப் பக்கத்தைத் தன்னுடைய விற்பனைக்காகப் பெயர்த்தெடுக்கும் சாதனத்தைப் பற்றியது.

1. அந்த மென்பொருள் எதைத்தான் பிரதி எடுக்கிறது? வலைத்தளம் ஒன்றை நாம் திறக்கும்போது நம் பிரவுசருக்கு வந்து சேர்வன ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மூன்றும் சில படங்களுமே. சர்வரில் ஓடும் பிஹெச்பி முதலான புரோகிராம்களும், சரக்கு, விலை, வாடிக்கையாளர், ஆர்டர் ஆகிய விவரங்களையெல்லாம் அடக்கிவைத்திருக்கும் டேட்டாபேஸும் அந்தச் சர்வரை விட்டு வெளியே வருவதே இல்லை. வெளியே வராத ஒன்றை, எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளானாலும், வெளியில் நின்றுகொண்டு பிரதி எடுக்க இயலாது. ஆகையால் பிரதித் தளத்தில் தேடும் பெட்டி இருக்கும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. கூடை இருக்கும், பொருள் அதில் விழாது. லாகின் படிவம் இருக்கும், உள்ளே விடுவதற்கு ஆள் இராது. 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் போன்ற முறைகளில் கட்டப்பட்ட தளங்களின் நிலை இன்னும் மோசம். பிரவுசருக்கு வந்த பிறகே அவற்றின் பக்கங்கள் உருப்பெறுவதால், சாதாரணப் பிரதிக் கருவி கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் வெற்றுச் சட்டமாகவே இருக்கும். கடியாரத்தின் முகத்தை முள்ளும் எண்ணும் பிசகாமல் சுவரில் வரைந்து வைத்துவிட்டு மணி பார்க்க முனைவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. விற்பனை என்பது அந்த முகத்துக்குப் பின்னால் நடக்கும் காரியம்: சரக்கு கையிருப்பில் இருப்பது, சொன்ன நாளில் போய்ச் சேர்வது, பிடிக்காவிட்டால் பணம் திரும்புவது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த நற்பெயர். இவற்றில் எதுவும் பக்கத்தில் இல்லை. பக்கத்தில் இல்லாதது பிரதியில் வராது.

2. அப்படியானால் அந்த முகப்புக்காவது விலை கொடுக்கலாமா? அதுவும் வேண்டுவதில்லை. வலைத்தளத்தின் பக்கங்களையும் படங்களையும் அடுக்கடுக்காக இறக்கிக்கொள்ளும் ஹெச்டிடிராக் என்னும் மென்பொருள் 1998 முதலும், அதற்கும் முன்னதான டபிள்யூகெட் 1996 முதலும், உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகக் கிடைத்துவருகின்றன. ஒற்றைப் பக்கம் போதுமென்றால் பிரவுசரிலேயே பக்கத்தைச் சேமித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. விலைக்கு விற்கப்படும் குளோனிங் மென்பொருள்களில் பல இதே வேலையைத்தான் ஒரு பெரிய பட்டனுக்குப் பின்னால் வைத்து விற்கின்றன.

3. பிரதி எடுத்தவன் தன் கைக்கு வந்தது எது என்பதையாவது அறிவானா? அத்தகைய பக்கம் ஒன்றைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு யூ என்னும் விசையை அழுத்தி, அதன் சோர்ஸ் கோடைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஹெச்டிடிராக்கினால் எடுத்ததானால், இன்ன தளத்திலிருந்து இன்ன தேதியில் இன்ன மென்பொருளால் பிரதி எடுக்கப்பட்டது என்னும் குறிப்பை அம்மென்பொருளே அங்கே எழுதிவைத்திருக்கும். சில வரிகள் கீழே, இப்பக்கத்தின் அசல் முகவரி எது என்று தேடுபொறிகளுக்கு அறிவிக்கும் கனானிக்கல் என்ற வரி இருக்கும். 2009-இல் கூகுளும் யாஹூவும் மைக்ரோஸாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த இந்த ஏற்பாட்டின்படி, பிரதிப் பக்கம் தன்னைத் தேடி வரும் கூகுளிடம், ‘நான் அசல் அல்லேன், அசல் அங்கே இருக்கிறது’ என்று தானாகவே வாக்குமூலம் கொடுக்கிறது. இன்னும் கீழே அசல் சொந்தக்காரருடைய கூகுள் அனலிட்டிக்ஸ் எண்ணும் ஃபேஸ்புக் பிக்ஸல் எண்ணும் இருக்கும். ஆகவே பிரதித் தளத்துக்கு வருகிறவர்களைப் பற்றிய செய்தி, எந்த டொமைனுக்கு வந்தார்கள் என்ற விவரத்தோடு, அவருடைய கணக்கில் போய் விழுகிறது. அவர் தம் பக்கத்தில் கேனரிடோக்கன் என்னும் சிறு கோடைப் பதித்துவைத்திருந்தாரானால், அப்பக்கம் வேறொரு டொமைனில் திறக்கப்பட்ட மாத்திரத்தில் அவருக்கு மின்னஞ்சலே போய்விடும்.

எல்லாவற்றினும் கொடிது படிவத்தின் கதை. பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கும் படிவம் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் சேவை நிறுவனத்தின் முகவரியோடு நேரே இணைக்கப்பட்டிருக்கிறது. பிரதி எடுக்கும்போது அந்த முகவரியும் சேர்ந்தே வருகிறது. அதனை மாற்றத் தெரியாதவன், தன் கைப்பணத்தைப் போட்டு விளம்பரம் செய்து வரவழைக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் முகவரியும், அவன் யாரோடு போட்டியிட நினைத்தானோ அந்த வியாபாரியின் பட்டியலிலேயே போய்ச் சேர்கிறது. கிளவுட்ஃப்ளேர் பாதுகாப்பில் இருந்த தளத்திலிருந்து எடுத்த பிரதியானால், தொடர்புக்கு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ‘மின்னஞ்சல் பாதுகாக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் மாத்திரம் நிற்கும். முகவரியை மீட்டுக் காட்டும் ஸ்கிரிப்ட் அசல் தளத்திலேயே தங்கிவிடுவதால் நேரும் விபரீதம் இது. வாங்க வந்தவன் ஒரு சந்தேகம் கேட்கவும் வழியில்லை.

இவற்றையெல்லாம் தேடி நீக்கிவிட்டால் ஆயிற்றே என்பார்கள். நீக்கலாம். ஆனால் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று படித்தறிந்து, ஒன்றும் விடாமல் நீக்கி, தனக்குரியதை அந்த இடங்களில் பொருத்தத் தெரிந்தவனுக்குச் சொந்தமாகவே ஒரு பக்கம் கட்டத் தெரியும். அவனுக்கு இந்த மென்பொருள் வேண்டாம். தெரியாதவனுக்கோ இதனால் ஆபத்து. ஒன்றும் தெரியாதவனுக்காகவே செய்யப்பட்டது என்று சொல்லி விற்கப்படும் ஒரு சாதனம், எல்லாம் தெரிந்தவன் கையில் மட்டுமே அபாயமின்றி இருக்கும் என்பது அதன் பிரயோஜனத்தைப் பற்றிய முடிவான தீர்ப்பாகவே எனக்குத் தோன்றுகிறது.

4. பரிசோதித்துத் தேறிய பக்கம் என்கிறார்களே, யாரிடம் பரிசோதித்தது? இதுவே பூர்வபட்சத்தின் உயிர்நிலையான வாதமாதலால் இங்கே சற்று நின்று பேச வேண்டும். 2007-ஆம் ஆண்டின் இறுதியில், பராக் ஒபாமாவின் தேர்தல் பிரசாரத் தளத்தில் ஆதரவாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்ப்பதற்கான முகப்புப் பக்கத்தை, டான் சிரோக்கர் தலைமையில் இருந்தவர்கள் பரிசோதித்தார்கள். நான்கு விதமான பட்டன் வாசகங்கள். மூன்று படங்களும் மூன்று வீடியோக்களுமாக ஆறு காட்சிகள். ஆக 24 சேர்க்கைகள். பிரசாரத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு வீடியோவின் மேல்தான் நம்பிக்கை. பரிசோதனையில் வீடியோக்கள் ஒன்று விடாமல் படங்களுக்குப் பின்தங்கின. ஒபாமாவின் குடும்பப் படமும், ‘மேலும் அறிக’ என்னும் பொருளுடைய பட்டனும் சேர்ந்த பக்கமே வென்றது. முதலில் 100-க்கு 8.26 ஆக இருந்த பதிவு விகிதம் 11.6 ஆக, அதாவது 40.6 சதவீதம் உயர்ந்தது.

குளோனிங் கட்சியார் இதைத் தங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்: வென்ற பக்கத்தை எடுத்துக்கொள்வதில் என்ன தவறு என்று. ஆனால் அந்த எண்கள் சொல்வது வேறு. ஒரு வேட்பாளரின் பெயரைத் தேடிக்கொண்டு அவருடைய தளத்துக்கே வந்த அமெரிக்க வாக்காளர்களிடம், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட கேள்விக்குக் கிடைத்த விடை அது. உடற்பயிற்சிப் பாடமோ ஊட்டச்சத்து மாத்திரையோ விற்கிறவன் அந்தக் குடும்பப் படத்தையும் பட்டனையும் எடுத்து ஒட்டிக்கொண்டால் 40.6 சதவீதம் அவனைத் தேடி வராது. தளத்தை நடத்தினவர்களே தாங்கள் விரும்பிய வீடியோ தோற்கும் என்பதை அறியாதிருந்தார்கள் என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவன் ஒரு பக்கத்தில் விற்பனைக்குக் காரணமாயிருப்பது எது, காரணமில்லாமல் சும்மா இருப்பது எது, விற்பனையைக் கெடுத்துக்கொண்டிருப்பது எது என்று எவ்வாறு அறிவான்? அவன் மூன்றையும் சேர்த்தே எடுத்து வருகிறான். அதனினும் மேலான ஓர் இடர்ப்பாடு உண்டு. பரிசோதனை நடந்துகொண்டிருக்கும் தளம் வருகிறவர்களைப் பிரித்து, சிலருக்கு ஒரு வடிவத்தையும் மற்றவர்க்கு வேறொன்றையும் காட்டுகிறது. அந்நேரத்தில் பிரதி எடுத்தவன் கையில் கிடைத்தது வெல்லப்போகும் பக்கமா, மறுவாரம் தூக்கி எறியப்படப்போகும் பக்கமா என்று சொல்லக்கூடியவர் அசல் தளத்தின் கணக்கைப் பார்க்கிறவர் மட்டுமே.

5. ஸாம்வர் சகோதரர்களின் உதாரணம் யாருக்குத் துணை நிற்கிறது? 1999-இல் அவர்கள் பெர்லினில் அலாண்டோ என்ற ஏலத் தளத்தைத் தொடங்கினார்கள். சில மாதங்களுக்குள் ஈபே நிறுவனமே அதனை 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. உண்மைதான். ஆனால் ஈபே விலை கொடுத்தது அத்தளத்தின் தோற்றத்துக்கா? தன்னுடைய தோற்றத்தையே தான் மறுபடி வாங்கும் அளவுக்கு அந்நிறுவனம் அறிவிழந்துவிடவில்லை. ஜெர்மன் மொழியில், ஜெர்மன் மக்களிடையே, விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் திரட்டிவைத்திருந்த சந்தைக்கே அது விலை கொடுத்தது. சகோதரர்கள் எடுத்துக்கொண்டது ஒரு கருத்து, உழைப்பு அவர்களுடையது.

இந்தக் கருத்துக்கும் அதன் வடிவத்துக்கும் உள்ள வேற்றுமையை நம் உச்ச நீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ஆம் ஆண்டிலேயே தெளிவாக வகுத்துவைத்திருக்கிறது. தம்முடைய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ என்ற திரைப்படத்தை எடுத்துவிட்டார்கள் என்பது நாடகாசிரியரின் வழக்கு. கருத்துக்கும் கதைப் பொருளுக்கும் காப்புரிமை இல்லை, அவற்றை ஒருவர் வெளியிட்ட வடிவத்துக்கும் முறைக்கும் அமைப்புக்குமே உண்டு என்று கூறி, படத்தின் வடிவம் வேறாக இருந்ததால் நீதிமன்றம் படத்தயாரிப்பாளர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. இந்த அளவுகோலைக் குளோனிங் மென்பொருளின் மீது வைத்துப் பாருங்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் விட்டுவைத்த கருத்து எதுவோ, அது அம்மென்பொருளுக்குப் புரியாது. தொடக்கூடாது என்று சட்டம் விலக்கிய வாசகத்தையும் படத்தையும் அமைப்பையும் கோடையும் மட்டுமே அது தொடுகிறது. பிறரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு நான் விரோதி அல்லேன். கற்பதற்கு இடமே வையாமல் எடுப்பதை மட்டும் வைத்திருக்கும் கருவிக்கே விரோதி.

6. யார் வந்து வழக்குத் தொடுக்கப்போகிறார்கள் என்கிறீர்களா? இந்த வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபமே வருகிறது, ஏனெனில் இதைச் சொல்லித் தைரியமூட்டுகிறவன் மென்பொருளை விற்றுவிட்டுப் போய்விடுகிறான். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-ஆம் பிரிவு, தெரிந்தே மீறுகிறவனுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000-க்குக் குறையாமல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. தக்க காரணம் இருந்தால் இந்தக் குறைந்த அளவுக்கும் கீழே இறங்கலாம் என்று நீதிமன்றத்துக்கு அதே பிரிவு அளிக்கும் சலுகை, வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலுக்கு மட்டுமே உரியது. மார்க்கெட்டிங் செய்கிறவனுக்கு அது கிடையாது. இக்குற்றம் போலீஸார் நேரே நடவடிக்கை எடுக்கத்தக்கது, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாதது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தும் இருக்கிறது. அசல் தளம் அயல்நாட்டுடையது என்பதும் காப்பாற்றாது. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் படைப்புகளுக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

வழக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் முறைப்படி ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டால், ஹோஸ்டிங் நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்புவதற்காக அந்தப் பக்கத்தை உடனே நீக்கிவிடுகிறது. கோர்ட்டு வாசற்படியை ஒருவரும் மிதிக்க வேண்டுவதில்லை. அத்தகைய நீக்க அறிவிப்புகள் மிகுதியாக வரும் தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளுவதாகக் கூகுள் 2012-இல் அறிவித்தது. ஒரு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் தவறிப்போய்ப் பிரதியில் தங்கிவிட்டாலோ, அது கடவுச்சொல் திருடும் போலித் தளமாகவே கருதப்பட்டு, திறக்கிறவர் கண்முன் சிவப்பு எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கும். விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் அந்தச் சிவப்புப் பக்கத்துக்கு ஆள் சேர்த்த கூலியாகிவிடும்.

7. பொருள் வாங்குகிறவனைப் பற்றி இந்தக் கட்சியில் எவரேனும் நினைத்துப் பார்த்தது உண்டா? விற்பனைப் பக்கத்தின் பெரும்பகுதி வாடிக்கையாளர்களின் சாட்சியம்: இந்தப் பாடத்தால் என் வருமானம் பெருகியது, இந்த மருந்தால் என் முழங்கால் வலி தீர்ந்தது என்று யாரோ ஒரு மனிதர் தம் படத்தோடு சொன்ன வார்த்தை. அதே படத்தையும் அதே வார்த்தையையும் அவர் கண்ணாலும் காணாத வேறொரு சரக்கின் கீழ் ஒட்டும்போது அது பொய்ச்சாட்சியம் ஆகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு முதல் முறை ரூ. 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் ரூ. 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு. ‘இன்னும் பத்து நிமிஷம் மட்டுமே இந்த விலை’ என்று ஓடிக்கொண்டிருந்து, பக்கத்தை மூடித் திறந்தால் மீண்டும் பத்திலிருந்தே தொடங்கும் எண்ணிக்கைக் கடியாரமும் பிரதியோடு சேர்ந்தே வருகிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகள் விலக்கிய 13 ஏமாற்று முறைகளில் முதலாவதாக நிற்பது இத்தகைய பொய் அவசரமே. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு முழங்கால் வலிக்கு மருந்து தேடி வந்த ஒரு கிழவர், அந்தப் பொய்யான படத்தை நம்பி அதைக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அதற்கு எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

கடைசியாக, பணமில்லாத புதியவன் வேறு என்னதான் செய்வான் என்ற கேள்வி. அவன்பால் உள்ள இரக்கத்தினால்தான் இந்த மென்பொருளை ஆதரிக்கிறோம் என்பார்கள். அவ்விரக்கம் உண்மையானால் அவன் கையில் கொடுக்கத் தகாத பொருள் இதுவே. பெரிய நிறுவனத்துக்கு ஒரு பக்கம் நீக்கப்பட்டால் இன்னொரு பக்கம். புதியவனுக்கோ இருப்பது ஒரே டொமைன், ஒரே விளம்பரக் கணக்கு, ஒரே பெயர். அவனுடைய வறுமையைக் காரணமாகக் காட்டுவதும் பொருந்தாது. வேர்ட்பிரஸ் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மாற்றவும் பகிரவும் முழு உரிமையோடு, ஆயிரக்கணக்கான தீம்கள் அதற்கு இருக்கின்றன. பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர்களே மனமுவந்து கொடுத்த வடிவங்கள் அவை. மென்பொருளுக்காக எடுத்துவைத்த பணத்தை அவன் ஒரு டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் செலவிடட்டும். தன் சரக்கை வாங்கக்கூடிய சிலரோடு நேரில் பேசி, அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையே தலைப்புகளாக வைத்து, அவற்றுக்குத் தான் சொன்ன பதிலையே வாசகமாக எழுதி, சரக்கைத் தன் போனிலேயே படம் பிடித்துப் போடட்டும். நல்ல தளங்களைப் பார்க்கட்டும். அவர்கள் விலையை ஏன் இந்த இடத்தில் சொன்னார்கள், திருப்பித் தரும் நிபந்தனையை ஏன் பட்டனுக்கு அருகில் வைத்தார்கள் என்று கேட்டுக் காரணத்தை எடுத்துக்கொள்ளட்டும். முதல் மாதம் விற்பனை சொற்பமாக இருக்கலாம். ஆனால் வந்தவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த இடத்தில் திரும்பிப் போனார்கள் என்ற செய்தி அவனுடைய கணக்கிலேயே பதிவாகும். அடுத்த மாதம் எந்த வாசகத்தை மாற்றுவது என்று முடிவு செய்ய அவனுக்கு அது போதும்.